மணிக்கு 654 கி.மீ வேகம்... ஆனாலும் சாதனை இல்லை! அப்பா விட்டதை 58 வருடம் கழித்து முடித்த மகன்

1960 செப்டம்பர் 9. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்புவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறும் வெள்ளை. மரம் கிடையாது, வீடு கிடையாது. உப்பின் மேல் நேராகப் போட்டிருக்கும் ஒரு கறுப்புக் கோடு மட்டும்தான் வழிகாட்டி.

அந்தக் கோட்டின் மேல் நீலநிறக் கார் ஒன்று சீறிக்கொண்டு போகிறது. ஓட்டுபவர் மிக்கி தாம்சன், வயது 31. ஒரு மைல் தூரத்தைக் கடக்க அவருக்கு 9 விநாடிகூட ஆகவில்லை. வேகம், மணிக்கு 406.60 மைல். நம் கணக்கில் 654 கி.மீ. ஒரு விநாடிக்கு 180 மீட்டருக்கும் மேல். நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டிப் போயிருப்பார்.

அதுவரை எந்த அமெரிக்கரும் தரையில் 400 மைல் வேகத்தைத் தொட்டதில்லை. அன்றைக்கு இருந்த உலக சாதனை 394.19 மைல். 1947-ல் இதே பான்வில்லில் ஜான் காப் என்ற ஆங்கிலேயர் படைத்தது. அப்படியென்றால் மிக்கி உலக சாதனையை உடைத்துவிட்டார், அப்படித்தானே?

இல்லை. உலக சாதனைப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அந்த 406.60 அதில் இல்லவே இல்லை.

காரணம் ஒரே ஒரு விதி. தரைவேக உலக சாதனைக்கு ஒரு ஓட்டம் போதாது. ஒரு பக்கமாக ஓட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் அதே பாதையில் எதிர்ப்பக்கமாகவும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று முதுகில் அடித்ததால் வந்த வேகமா, தரை லேசாகச் சரிந்திருந்ததால் வந்த வேகமா என்ற சந்தேகமே வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. போய்விட்டால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும்.

மிக்கியால் திரும்பி வர முடியவில்லை. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் உடைந்துபோனது. அவ்வளவுதான். போகும்போது அவ்வளவு வேகம் போயிருந்ததால், வரும்போது 390 மைலைத் தாண்டியிருந்தால்கூட சாதனை அவர் கையில் இருந்திருக்கும். அந்த ஒரு ஓட்டம் நடக்கவே இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு நேராக 58 வருடம் ஆனது. நடுவே இரண்டு கார்கள், ஒரு மழை, ஒரு கொலை.

காயலாங்கடையில் பிறந்த விளையாட்டு

மிக்கியைப் புரிந்துகொள்ள 'ஹாட் ராட்' என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

1930-களில் தெற்கு கலிஃபோர்னியா இளைஞர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய ஃபோர்டு கார் ஒன்றைச் சல்லிசான விலைக்கு வாங்குவார்கள். மட்கார்டு, பம்பர், பானெட் என்று வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றி வீசுவார்கள். எஞ்சினைப் பிரித்து, காயலாங்கடையில் பொறுக்கிய பாகங்களைப் பொருத்தி, கம்பெனி கொடுத்ததைவிட இரண்டு மடங்கு சக்தியைக் கறப்பார்கள். அதுதான் ஹாட் ராட். இன்ஜினீயரிங் பட்டம் தேவையில்லை. ஸ்பேனரும் வெல்டிங் மெஷினும் தூக்கமில்லாத இரவுகளும் இருந்தால் போதும்.

நகரத்துத் தெருவில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். அதனால் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்குப் போனார்கள். யார் கார் எவ்வளவு வேகம் என்று ஒழுங்காக அளக்க 1937-ல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பெயர், சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். சுருக்கமாக எஸ்.சி.டி.ஏ. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களும் சேர, கூட்டம் பெருகியது. ஏரிப் படுகைகளின் நீளம் போதவில்லை. 1949-ல் பான்வில் உப்புவெளிக்குப் போய் 'ஸ்பீட் வீக்' தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் அது இன்றுவரை நடக்கிறது.

1928-ல் கலிஃபோர்னியாவின் அல்ஹாம்ப்ராவில் பிறந்த மிக்கி இந்தக் கூட்டத்து ஆள். இயற்பெயர் மேரியன் லீ தாம்சன். இருபதுகளில் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழில் அச்சு இயந்திரத் தொழிலாளி. (நம்ம துறைக்காரர் என்று கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்கிறேன்!) வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கார்தான்.

குறுகிய நேர்கோட்டில் இரண்டு கார்கள் மோதும் 'டிராக் ரேஸ்' அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதில் பெரிய தலைவலி, கிளம்பும்போது பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றுவது. பின்சக்கரத்தின் மேல் எடை கூடினால் பிடிப்பு கூடும். 1954-ல் மிக்கி ஒரு காரியம் செய்தார். டிரைவர் சீட்டைத் தூக்கிப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்துவிட்டார். பார்ப்பதற்கு உண்டிவில்லில் கல்லை வைத்து இழுத்ததுபோல் டிரைவர் கடைசியில் தொங்கிக்கொண்டிருப்பார். 'ஸ்லிங்ஷாட்' என்று பெயர் வந்தது. அடுத்த பதினைந்து வருடங்களுக்கு மேல் டிராக் ரேஸ் கார்கள் அந்த வடிவத்தில்தான் வந்தன. 1955-ல் லாங் பீச் பகுதியில் திறந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்புக்கு முதல் மேலாளரும் இவரே.

ஒன்று போதாது... நான்கு போடு!

உலகத் தரைவேக சாதனை அதுவரை பிரிட்டிஷ் கனவான்களின் சொத்து மாதிரி இருந்தது. ஜான் காப்பின் காரில் இருந்தவை இரண்டு விமான எஞ்சின்கள். 1960-ல் சாதனையை நோக்கி வந்த டொனால்ட் கேம்ப்பெல்லின் 'ப்ளூபேர்டு' காரில் விமான டர்பைன். அவருக்குப் பின்னால் பிரிட்டனின் பெரிய பெரிய கம்பெனிகள் வரிசைகட்டி நின்றன.

மிக்கியிடம் விமான எஞ்சினும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. அவருக்குத் தெரிந்தது, கடைக்குப் போய் வாங்கும் சாதாரணக் காரின் வி8 எஞ்சின். ஒன்றின் சக்தி போதாதா? நான்கைப் போடு! இதுதான் அவருடைய தீர்வு.

ஃபிரிட்ஸ் வோய்ட் என்ற நண்பரின் துணையோடு அவர் கட்டிய காரின் பெயர் 'சாலஞ்சர் 1'. நான்கு பான்டியாக் வி8 எஞ்சின்கள். இரண்டு முன் சக்கரங்களை இழுக்க, இரண்டு பின் சக்கரங்களைத் தள்ள. கியர்பாக்ஸும் நான்கு, கிளட்ச்சும் நான்கு. அந்த கியர்பாக்ஸ்கள் 1930-களின் பழைய கார்களிலிருந்து கழற்றியவை. இத்தனையையும் ஒரே மனிதன் ஒரே நேரத்தில், ஒன்றுபோல் இயக்க வேண்டும். ஒரு எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எதையாவது முறித்துவிடும். எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயமே அதன் இந்த அடாவடித்தனம்தான். நேர்த்தியான தீர்வு என்று எந்தப் பேராசிரியரும் சொல்ல மாட்டார். ஆனால் ஓடியது.

1959-ல் முதல் முயற்சி. காரும் ஆளும் உப்பைப் பழகிக்கொண்டார்கள், 400 கிட்டவில்லை. அடுத்த வருடம் நான்கு எஞ்சின்களுக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்தினார். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி அது. உள்ளே இடமில்லாமல் காரின் முதுகில் நான்கு புடைப்புகள் முளைத்தன.

1960-ன் அந்தக் கோடை, பான்வில்லுக்கு லேசான கோடையாக இல்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி, அதோல் கிரகாம் என்பவர் சொந்தமாகக் கட்டிய காரில் முயன்று, கார் உருண்டு இறந்துபோனார். செப்டம்பர் 9-ம் தேதி மிக்கி 406.60 தொட்டார். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 16-ம் தேதி கேம்ப்பெல்லின் ப்ளூபேர்டு 580 கி.மீ வேகத்தில் தூக்கி எறியப்பட்டது. மண்டையோட்டில் எலும்பு முறிவோடு அவர் உயிர் பிழைத்ததே அதிசயம். இந்த மூன்று பேரில் முழுசாக நடந்து வீடு திரும்பியவர் மிக்கி மட்டும்தான்.

'நான்கு சக்கரத்தில் அதிவேக மனிதர்' என்ற பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது. மக்களுக்கு 406 போதுமானதாக இருந்தது. விதிப்புத்தகத்துக்குத்தான் போதவில்லை. மிக்கிக்கும் போதவில்லை என்பதை அவர் அடுத்துச் செய்தவை காட்டுகின்றன.

குறுக்கே வந்த ஜெட்

காத்திருக்க நேரமில்லாமல் உலகம் மாறியது. 1963-ல் கிரெய்க் பிரீட்லவ் என்ற இன்னொரு கலிஃபோர்னியா ஹாட் ராட்காரர், போர் விமானத்தின் ஜெட் எஞ்சினை மூன்று சக்கரத்தின் மேல் வைத்து 407 மைல் சராசரியைத் தொட்டார். ஜெட்டில் சக்கரத்துக்கு வேலையே இல்லை, அது சும்மா உருளும். தள்ளுவது புகை. அதற்குப் பிறகு ஒட்டுமொத்த சாதனை ஜெட் கார்களின் கைக்குப் போய்விட்டது. 1997-ல் 'த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி' 1,227 கி.மீ வேகத்தில் ஒலியின் வேகத்தையே தாண்டியது தனிக்கதை.

எஞ்சின் சக்கரத்தைச் சுற்றி, சக்கரம் தரையைத் தள்ளி ஓடுகிற 'உண்மையான' காருக்கென்று ஒரு போட்டி தனியாகத் தொடர்ந்தது. அதில் 1965 நவம்பரில் பாப் சம்மர்ஸ், 'கோல்டன்ராட்' காரில் 409.277 மைல் சராசரி எடுத்தார். அவரும் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து கார் கட்டிய ஹாட் ராட்காரர்தான். அந்தக் காரிலும் நான்கு எஞ்சின்கள்! ஆனால் வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக. மிக்கி திறந்த வழியில் வேறொருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த இடைவெளியில் மிக்கி சும்மா இருக்கவில்லை. 1963-ல் தன் பெயரிலேயே டயர் கம்பெனி தொடங்கினார். ஆஃப்ரோடு ஜீப் பிரியர்களுக்கு 'மிக்கி தாம்சன்' டயர்கள் இன்றும் பரிச்சயம். இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கும் புதுமாதிரியான கார்களைக் கட்டினார். அதில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1964 பந்தயத்தில் அவர் கட்டிய காரை ஓட்டிய டேவ் மெக்டொனால்ட் இரண்டாவது சுற்றில் சுவரில் மோத, கார் தீப்பிடித்தது. மெக்டொனால்டும் பின்னால் வந்த எடி சாக்ஸும் இறந்தனர். மிக்கியைப் பற்றிப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். அது சரியில்லை. புதிதாக எதையாவது செய்து பார்த்துவிடும் அவருடைய அவசரத்துக்கு விலை இருந்தது. சில சமயம் அதைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள்.

1968-ல் மறுபடி உப்புக்கு வந்தார். இந்த முறை 'சாலஞ்சர் 2'. நீண்டு மெலிந்த அலுமினிய உடல், நான்கு சக்கரங்களுக்கும் சக்தி, இரண்டு ஃபோர்டு வி8 எஞ்சின்கள். பணமும் ஃபோர்டுடையது. சோதனை ஓட்டங்கள் நம்பிக்கை கொடுத்தன. ஆனால் மழை பெய்தது. பான்வில்லில் மழை என்றால் உப்புவெளி ஏரியாக மாறிவிடும், அந்த வருடம் அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்குள் ஃபோர்டு பந்தயங்களிலிருந்து விலகிக்கொள்ள, பணமும் நின்றது. கார் கிடங்குக்குள் போனது.

இருபது வருடம் அது அங்கேயே கிடந்தது.

சைக்கிளில் வந்தவர்கள்

எழுபதுகளில் மிக்கியின் கவனம் ஆஃப்ரோடு பந்தயங்களின் மீது திரும்பியது. பாலைவனத்தில் நடக்கும் அந்தப் பந்தயத்தைக் கால்பந்து ஸ்டேடியத்துக்குள் மண்ணைக் கொட்டி நடத்தி, டிக்கெட் விற்றார். பெரிய வெற்றி. மகன் டேனியும் பந்தய வீரராக வளர்ந்திருந்தார். 1988-ல் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு யோசனை. கிடங்கில் கிடக்கும் சாலஞ்சர் 2-ஐத் தூசி தட்டி மறுபடி உப்புக்குக் கொண்டுபோகலாம். இந்த முறை ஸ்டீயரிங் பிடிப்பது டேனி.

1988 மார்ச் 16, காலை ஆறு மணிக்குச் சற்று முன். கலிஃபோர்னியாவின் பிராட்பரியில் தங்கள் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மிக்கியையும் அவர் மனைவி ட்ரூடியையும் இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். கொன்றுவிட்டு சைக்கிளில் ஏறித் தப்பினார்கள். வாழ்நாள் முழுவதும் வேகத்தைத் துரத்திய மனிதரைக் கொன்றவர்கள் சைக்கிளில் போனார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

அந்த இருவர் யார் என்று இன்றுவரை அடையாளம் தெரியவில்லை. ஆனால் மிக்கியின் முன்னாள் தொழில் கூட்டாளி மைக்கேல் குட்வின் மீது சந்தேகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இருவருக்கும் நடந்த வழக்கில் தோற்று, மிக்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல் தர வேண்டியிருந்தவர் அவர். கொலை நடந்து கிட்டத்தட்ட 19 வருடங்களுக்குப் பிறகு, 2007 ஜனவரியில் இரட்டைக் கொலைக் குற்றவாளி என்று ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

சாலஞ்சர் 2 மீண்டும் இருட்டுக்குள் போனது. இந்தமுறை இன்னும் இருபது வருடத்துக்கும் மேல்.

மகனின் முறை

2010 வாக்கில் டேனி அந்தக் காரை வெளியே இழுத்தார். அறுபதைத் தொட்ட வயது. புதுக் கார் கட்டினால் வேலை எளிது, வேகமும் வரும் என்று யாருக்கும் தெரியும். டேனி அப்பாவின் காரையே எடுத்துக்கொண்டார். கையால் தட்டி உருவாக்கிய அந்த அலுமினிய உடலை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவற்றை இன்றைய தேவைக்கு மாற்றினார். பாதுகாப்பு ஏற்பாடுகள் புதியவை. பழைய ஃபோர்டு எஞ்சின்களுக்குப் பதில் நைட்ரோமீத்தேனில் ஓடும் இரண்டு ஹெமி வகை வி8 எஞ்சின்கள். நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கும் எரிபொருள். அதனால் ஒரே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிக்கலாம், கூடுதல் சக்தியும் எடுக்கலாம். இரண்டு எஞ்சினும் சேர்ந்து சுமார் 5,000 குதிரைத்திறன். நம் சாலையில் ஓடும் சின்ன கார் ஒன்றின் சக்தி 80-ஐச் சுற்றித்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் தயாரானபோது பழைய எதிரி வந்தான். மழை! 2014 ஸ்பீட் வீக் ரத்து. 2015-லும் உப்பு சரியில்லை என்று ரத்து. 1968-ல் அப்பா பார்த்த அதே காட்சி. 2016-ல் ஒருவழியாக ஓடினார். 406 மைலைத் தாண்டினார். ஆம், அப்பாவின் அதே 406. இந்த முறை இரண்டு ஓட்டமும் முடித்து, அவர் வகுப்பில் சாதனையாகவே பதிவானது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கதையாக எழுத அதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. டேனி நிறுத்தவில்லை. அந்தக் காரால் இன்னும் போக முடியும் என்று அவருக்குத் தெரியும்.

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. முதல் ஓட்டம், 446.605 மைல்.

ஸ்பீட் வீக்கில் விதி கொஞ்சம் வேறு. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்ப வேண்டியதில்லை. முதல் ஓட்டம் பழைய சாதனையைவிட வேகமாக இருந்தால், காரைத் தனி இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். அங்கே சில மணி நேரம் மட்டும் அதில் கை வைக்கலாம். மறுநாள் காலை இன்னொரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். உலக அமைப்பின் சாதனையும் இதுவும் ஒன்றல்ல என்பதால், மிக்கி 1960-ல் தேடியது இதேதான் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் அடிப்படை ஒன்று: ஒருமுறை ஓடினால் கணக்கில்லை.

எனவே அந்த சனிக்கிழமை இரவு, டேனியின் கையிலும் அப்பாவிடம் இருந்ததுபோல் பாதி சாதனைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கோட்டுக்கு வந்தார். 5,000 குதிரைத்திறனில் எந்த ஷாஃப்ட் வேண்டுமானாலும் முறியலாம், எந்த எஞ்சின் வேண்டுமானாலும் வெடிக்கலாம். எதுவும் நடக்கவில்லை. 450.909 மைல். முந்தைய நாளைவிட வேகம்!

சராசரி 448.757 மைல், 722 கி.மீ. பிஸ்டன் எஞ்சின் பொருத்திய கார்களில் அதுவரை யாரும் தொடாத சாதனை. 1968-ல் கட்டிய கார், எழுபதை நெருங்கும் டிரைவர்.

அந்த இடமும் நிரந்தரமில்லை. 2020-ல் அதே உப்புவெளியில் ஜார்ஜ் போட்டீட், 'ஸ்பீட் டீமன்' காரில் 470 மைல் சராசரி எடுத்து அதைத் தாண்டினார். மிக்கிக்கு நான்கு எஞ்சின்கள் தேவைப்பட்டன, டேனிக்கு இரண்டு. ஸ்பீட் டீமனுக்குள் இருந்தது ஒரே ஒரு வி8.